ஈக்கு இரண்டே இறக்கை

காய்ச்சல் தணிந்து கண் விழித்தபோது, கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அவள் மடியில் சுருண்டு கிடந்த தோல்களின்மேல் ஜன்னல் வெயில் விழுந்திருந்தது. பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க வந்தவள், இடம் மாறி உட்கார்ந்துவிட்டாள் போலிருக்கிறது என்று போட்டோ ஸ்டுடியோக்காரர் நினைத்தார். மரியாதைக்காக லேசாகச் சிரித்தும் வைத்தார்.

"முழிச்சிட்டீங்களா?" என்றாள் அவள்.

குரல் அவருடைய மனைவியின் குரல். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. குரல் வந்த வாயைப் பார்த்தார், மூக்கைப் பார்த்தார், நரைத்த காதோரத்தைப் பார்த்தார். எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. ஆனால் அவை சேர்ந்து யாராகவும் ஆகவில்லை. ஓடுகிற தண்ணீருக்கு அடியில் கிடக்கும் கூழாங்கற்களைப் பார்ப்பதுபோல இருந்தது.

அப்போது இன்னொரு பெண், சின்ன வயசுக்காரி, வெந்நீர்ப் பாட்டிலோடு கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவரைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. நாக்கு வறண்டிருந்ததால் அவர் அவளைப் பார்த்தும் அதே மரியாதைச் சிரிப்போடு, "சிஸ்டர், கொஞ்சம் தண்ணி குடுங்களேன்" என்றார்.

அவள் பாட்டிலை மேஜைமேல் வைத்தாள். திரும்பி வெளியே போனாள். மனைவியின் கையில் ஆரஞ்சுச் சுளை அப்படியே நின்றது.

"அது நம்ம பாப்பாங்க" என்றாள்.

டாக்டர் வந்து விளக்கம் சொன்னார். "உங்க கண்ணுல ஒரு கோளாறும் இல்லை. மூக்கு தெரியுது, வாய் தெரியுது. எதிர்ல இருக்கிறவங்க சிரிக்கிறாங்களா அழறாங்களான்னுகூடத் தெரியுது. இன்னார்னு சொல்ற இடம் மட்டும் மூளைக்காய்ச்சல்ல அணைஞ்சு போச்சு. திரும்பி வரலாம். வராமலும் போகலாம். பழகிக்கணும்."

பழகிக்கொள்ளச் சொல்லிவிட்டார், சுலபமாக. வீட்டுக்குக் கிளம்பிய அன்று, ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் எதிரே வந்த ஒரு வழுக்கைத் தலை மனிதருக்கு ஸ்டுடியோக்காரர் வழிவிட்டு ஒதுங்கினார். அந்த ஆளும் அதே பக்கம் ஒதுங்கினார். இவர் மறுபக்கம் போனார், அவரும் போனார். "கண்ணாடிங்க அது" என்று மனைவி மெதுவாகக் கையைப் பிடித்து இழுத்தாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இருவரும் கொஞ்ச நேரம் சிரித்தார்கள்.

மகள் தன் வேலைக்குத் திரும்பிப் போய்விட்டாள். கடல் தாண்டிய ஊரில் ஒரு கப்பல் கம்பெனியில் அவளுக்கு வேலை. தினமும் போனில் பேசினாள். போனில் அவர் பழைய அப்பாதான். குரல் கேட்ட மாத்திரத்தில் "சொல்லுடா பாப்பா" என்பார். ஆனால் "எப்ப வர்றே?" என்று கேட்டால் மட்டும் அவள் பேச்சை மாற்றிவிடுவாள். ஒருநாள் அம்மாவிடம் உடைத்துச் சொல்லிவிட்டாள். "யாரோங்கிற மாதிரி ஒரு சிரிப்பு சிரிச்சாரும்மா, மரியாதைக்கு. திட்டியிருந்தாக்கூட தாங்கியிருப்பேன். இன்னொரு தடவை அந்தச் சிரிப்பை என்னால பார்க்க முடியாது."

ஸ்டுடியோ கடைத்தெருவின் கோடியில் இருந்தது. அவர் எடுப்பதெல்லாம் பாஸ்போர்ட் படம், அடையாள அட்டைப் படம். முகமே பிழைப்பு. "முகவாயை ஒரு பொட்டு இறக்குங்க, காது தெரியணும், சிரிக்காதீங்க" என்று சொல்லிச் சொல்லி, அந்தத் தெருவில் பாதிப் பேருடைய முகம் அவர் மனதில் அச்சாகியிருந்தது. இப்போது கடையைத் திறந்து உட்கார்ந்தால், சுவரில் மாட்டியிருந்த மாதிரிப் படங்கள்கூட வேற்றாட்களாக அவரையே பார்த்தன. இஸ்திரிக் கடைக்காரருக்கு எடுத்த படத்தைப் பல் டாக்டரிடம் கொடுத்தார். ஒரு டீச்சரம்மா உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இதுல யாரோ அழகா இருக்காங்க, ஆனா நான் இல்லை" என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தாள். அந்தச் சிரிப்பில் இரக்கம் இருந்தது. அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. அன்று ஷட்டரை இறக்கியவர், பிறகு ஏற்றவில்லை.

வீட்டில் இருந்தபோதும் கூத்துதான். மனைவியின் தங்கை பார்க்க வந்திருந்தாள். மழையில் நனைந்து வந்ததால் அக்காவின் நைட்டியைப் போட்டுக்கொண்டு, அக்கா மாதிரியே அடுப்படியில் நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். சாயலும் அக்காவேதான். ஸ்டுடியோக்காரர் பின்னால் போய் நின்று குரலைத் தாழ்த்தி, "உன் தங்கச்சி எத்தனை நாள் இருக்கப் போறா? அவ வந்தா ரெண்டு காதும் பொத்தலாயிடும். வாயா அது, ரேடியோ" என்றார்.

கத்தி நின்றது. "ரேடியோதான் பேசுறேன் மாமா" என்றாள் கொழுந்தியாள்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பேன் என்றாள். ஆனால் சற்று நேரத்தில் கொல்லைப்பக்கம் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். வெங்காயம் என்றாள்.

அன்று சாயங்காலம் மனைவி ஒரு முடிவுக்கு வந்தாள். "கடையில ஈ ஓட்டினாலும் பரவாயில்லை. இப்ப வீட்டுல உக்காந்து அதையும் ஓட்டலை. நாளையிலேர்ந்து எங்கூட வாங்க. வந்து ஈ எண்ணுங்க."

அவள் பயிர்ப்பூச்சி ஆராய்ச்சி நிலையத்தில் பூச்சி பிரிக்கிறவள். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அந்த வேலைதான். தெருப்பிள்ளைகள் அவளைப் பூச்சியம்மா என்பார்கள். ஆனால் அங்கே அவள் என்ன செய்கிறாள் என்று இத்தனை வருஷத்தில் அவர் நின்று கேட்டதில்லை.

நீளமான அறை. ஒரு சுவர் முழுக்க ஜன்னல், வெளியே மரங்கள். மரங்களின் பச்சை கண்ணாடி வழியாக வந்து வெள்ளை மேஜைகள்மேல் அசைந்துகொண்டே இருந்தது. பூச்சிகளைப் போட்டு வைக்கும் சாராயமும் பழைய மரப்பெட்டியும் கலந்த ஒரு வாசனை. வயல்களில் கட்டிய வலைப்பொறிகளில் விழுந்தவை பாட்டில் பாட்டிலாக வந்து நிற்கும். ஒவ்வொரு பாட்டிலையும் வெள்ளைத் தட்டில் கொட்டி, உருப்பெருக்கிக்கு அடியில் வைத்து, இது இன்ன வரிசை, இது இன்ன குடும்பம் என்று இடுக்கியால் பிரித்து வைக்க வேண்டும். பொறுப்பாளர் அம்மா, "எதையும் நசுக்காம இருந்தா சரி" என்று ஒரு நாற்காலி போடச் சொன்னார்.

மனைவி ஒரு தட்டை அவர் முன்னால் நகர்த்தினாள். அவர் உருப்பெருக்கியில் கண்ணை வைத்தார். அடியில் ஒரு நகரமே மூழ்கிக் கிடந்தது. பச்சைத் தகடு, பித்தளைக் கவசம், கண்ணாடிச் சில்லு, மயிரிழைக் கால். எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக, தூங்குவதுபோல.

"இதுல யார் யாருன்னு எப்படித் தெரியும்? எல்லாம் ஒரே குப்பையா இருக்கே" என்றார்.

"மொத்தமா பார்க்காதீங்க. மொத்தமா பார்த்தா எனக்கும் குப்பைதான். றெக்கைய மட்டும் பாருங்க. எத்தனை இருக்கு?"

"ரெண்டு."

"றெக்கைக்குப் பின்னால குட்டியா, குண்டூசித் தலை மாதிரி எதாவது துருத்திட்டு இருக்கா?"

இருந்தது. இரண்டு பக்கமும் ஒவ்வொன்று.

"அது ஈ வரிசை. மத்தவங்களுக்கு நாலு றெக்கை, ஈக்கு ரெண்டே றெக்கை. பின்றெக்கை ரெண்டும் தேஞ்சு அந்தக் குமிழாயிடுச்சு. பறக்கும்போது சாயாம பார்த்துக்கும். கொசுவும் ஈ வரிசைதான், ஒல்லியா இருக்கிறதால வேற ஜாதின்னு நினைச்சுக்கிறோம். முன்றெக்கை ரெண்டும் கெட்டியா ஓடு மாதிரி ஆகி, முதுகு நடுவுல நேர்கோடா சேர்ந்துச்சுன்னா வண்டு. அதே முதுகுல கோடு வராம, றெக்கை ஒண்ணுமேல ஒண்ணு குறுக்கா மடிஞ்சு, நடுவுல ஒரு முக்கோணம் தெரிஞ்சுதுன்னா நாவாய்ப்பூச்சி. திருப்பிப் பாருங்க, நெஞ்சோட ஒட்டி ஒரு ஊசி மடக்கி வச்சிருக்கும். செடியில குத்தி உறிஞ்சுறதுக்கு."

"அப்புறம் குடும்பம்?"

"முதல்ல வரிசையில நிக்கட்டும். அப்புறம்தான் குடும்பம்" என்றாள். பக்கத்து மேஜைக்காரி களுக்கென்று சிரித்தாள்.

ஸ்டுடியோக்காரருக்கு அது பிடித்துப்போயிற்று. மறுநாளும் போனார், அதற்கடுத்த நாளும். மூக்கு நீண்டு, மூக்கின் நடுவிலேயே உணர்கொம்பு முளைத்திருந்தால் மூக்குவண்டுக் குடும்பம். கொம்பு உடம்பைவிட நீண்டு பின்னால் வளைந்தால் நெடுங்கொம்பு வண்டு. கொம்பு நுனியில் பொத்தான் வைத்ததுபோலத் தடித்திருந்தால் பட்டாம்பூச்சி, இறகுபோலவோ நூல்போலவோ இருந்தால் பெரும்பாலும் அந்துப்பூச்சி. இடுப்பு கிள்ளி எடுத்ததுபோல ஒடுங்கி, நாலு இறக்கையும் இருந்தால் குளவியோ தேனீயோ. அதிலும் ஒடுங்கின இடத்தில் ஒரு முடிச்சு நிமிர்ந்து நின்றால் எறும்பு. இறக்கை முளைத்த எறும்பைப் பார்த்து அவர் குளவி என்று அடித்துச் சொன்னார். முடிச்சைக் காட்டியதும் இடுக்கியால் அதை எறும்புகளோடு சேர்த்தார்.

மத்தியானங்கள் அங்கே மிக மெதுவாக நகர்ந்தன. மரநிழல் தட்டுக்குத் தட்டு நீந்தியது. யாரும் அதிகம் பேசவில்லை. வெள்ளைக் கோட்டு போட்ட பெண்கள் ஒருவர்போலவே ஒருவர் இருப்பார்கள். முன்னெல்லாம் அது அவரைப் பதற வைத்தது. இங்கே அவர்களும் அந்தப் பச்சை வெளிச்சத்தில் மிதக்கிறவர்களாகத் தோன்றினார்கள். வீட்டுக்கு வந்து கண்ணை மூடினாலும் இமைக்குள் இறக்கைகள் மடங்கி விரிந்தன. கனவில் அவருடைய வாடிக்கையாளர்கள் எல்லாரும் ஸ்டூலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் தன் இறக்கையைப் பவ்வியமாக விரித்துக் காட்டிவிட்டு எழுந்து போனார்கள்.

ஒருநாள் தட்டில் மஞ்சளும் கறுப்பும் பட்டை போட்ட ஒன்று கிடந்தது. அவர் இடுக்கியை நீட்டாமலேயே, "குளவி" என்றார்.

"எண்ணினீங்களா?"

எண்ணினார். இரண்டே இறக்கை. குமிழும் இருந்தது. முகத்தில் பாதியை அடைத்துக்கொண்டு பெரிய கண்கள், குட்டையான கொம்பு.

"மலர் ஈ" என்றாள் மனைவி. "கொட்டத் தெரியாது. பறவை பயப்படட்டும்னு குளவி சட்டையைப் போட்டுட்டு திரியும். கலர் பார்த்தவங்க ஏமாறுவாங்க. கலர் மாறும், சைஸ் மாறும். மாறாத எடத்தைப் பாருங்க."

"உன் தங்கச்சி உன் நைட்டியைப் போட்டுட்டு நின்ன மாதிரி."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தார். சட்டை மாறும், முடி மாறும். மாறாதது எது? படம் எடுக்கிறவருக்குச் சட்டென்று தோன்றியது. காது! ஆயுசு முழுக்க ஜனங்களைக் காதைக் காட்டச் சொல்லியிருக்கிறார். அவர் ஒருநாளும் அந்தக் காதுகளைப் பார்த்ததில்லை.

"கொஞ்சம் திரும்பு" என்றார்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். மேல்மடல் உள்ளே சுருண்டு, ஓரிடத்தில் லேசாகக் கூர்ந்திருந்தது. காதுக்குக் கீழே கழுத்தில் எள்ளளவு மச்சம். அது அங்கே இருப்பது அவருக்கு இதுவரை தெரியவே தெரியாது. ஒரே பார்வையில் மனைவி என்று தெரிந்துபோனதால், அதற்குமேல் பார்க்க அவசியம் வரவில்லை. இப்போது ஒவ்வொன்றாகப் பார்த்தார். கீழுதட்டில் ஒரு வெள்ளைத் தழும்பு. புருவம் தொடங்குகிற இடத்தில் நாலைந்து மயிர் எதிர்த்திசையில் சாய்ந்திருந்தது.

"எல்லாம் இருக்கு. ஆனா எல்லாம் சேர்ந்தா நீ வரலையே" என்றார்.

"நான் எங்க போனேன்? இங்கதானே உக்காந்து பேசிட்டு இருக்கேன்" என்றாள். பிறகு அவளே யோசித்து, "இப்படிப் பார்த்தா பேரு கிடைக்கும்ங்க. பார்த்ததும் உள்ளுக்குள்ள ஒண்ணு குதிக்குமே, அது கிடைக்காது. இந்த வேலையில எனக்கும் குதிச்சதில்லை. ஆனா தப்பா வச்சதும் இல்லை" என்றாள். அவர் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு, அடுத்த பாட்டிலைத் திறந்தாள்.

ஸ்டுடியோ மறுபடி திறந்தது. காலையில் கடை, மத்தியானம் பூச்சி அறை என்று ஆயிற்று. படத்தை வாங்க வருகிறவர் முகத்தை அவர் பார்ப்பதில்லை, காதையும் படத்திலுள்ள காதையும் பார்ப்பார். "என்ன, காதையே முறைக்கிறீங்க?" என்று இஸ்திரிக் கடைக்காரர் கேட்டார். "உங்க முகத்தைவிட அது லட்சணமா இருக்கு" என்றார் இவர். தப்பு குறைந்தது. முழுக்கப் போகவில்லை.

இதைப் போனில் சொன்னபோது மகள் முதலிலிருந்து இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். பிறகு, "வர்றேன்பா. லீவு கேட்டிருக்கேன்" என்றாள்.

உடனே இவருக்கு வீறாப்பு வந்துவிட்டது. "நான்தான் கூட்டிட்டு வருவேன். தனியா. நீ கூப்பிடாதே, கையும் ஆட்டாதே. நானே கண்டுபிடிக்கிறேன்."

"வேண்டாத வீம்பு" என்று மனைவி கத்தினாள். ஆனாலும் அவர் கேட்கக் கேட்க அடையாளம் சொன்னாள். "இடது தோள் இறங்கியிருக்கும், சின்ன வயசுலேர்ந்து அந்தப் பக்கமே பை மாட்டி மாட்டி. நடந்தா கால் விரல் உள்பக்கமா திரும்பும். முடி இடுப்பு வரைக்கும் இருக்கும்."

"முடி வேணாம். அதை நம்ப முடியாது" என்றார், பெரிய நிபுணர்போல.

துறைமுகத்தில் வந்திறங்குவோர் கூடம் உயரமான கண்ணாடிக் கூரை போட்டது. முற்பகல் வெளிச்சம் பாலைப்போல இறங்கிக்கொண்டிருந்தது. கதவு திறந்ததும் ஜனங்கள் வந்தார்கள், வந்துகொண்டே இருந்தார்கள். விளக்கைச் சுற்றும் பூச்சிக்கூட்டம்போல ஒரே அலைச்சல், ஒரே சலசலப்பு. தட்டில் எல்லாம் அசையாமல் கிடக்கும். இங்கே எதுவும் நிற்கவில்லை. அவர் கால்களைப் பார்த்தார், தோள்களைப் பார்த்தார், தலை சுற்றியது. அப்போது இடுப்புவரை முடி தொங்க, இடது தோளில் பை மாட்டிய ஒருத்தி கடந்து போனாள். ஓடிப்போய் அவள் பெட்டியைப் பிடித்தார். "பாப்பா! நான்தான்டா, அப்பா."

அந்தப் பெண் திரும்பினாள். "அங்கிள், நீங்க வேற யாரையோ நினைச்சு..." என்றாள், மிக மென்மையாக.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. பெட்டியிலிருந்து கையை எடுத்தார். மன்னிப்புக் கேட்டாரா, தெரியாது. அவள் போய்விட்டாள். கூட்டம் அவரைத் தாண்டி இருபுறமும் வழிந்தோடியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் சிரித்த அதே அசட்டுச் சிரிப்பு தன் உதட்டில் ஒட்டியிருப்பது அவருக்கே தெரிந்தது. அதைத் துடைத்துப்போட முடியவில்லை.

கூட்டம் கொஞ்சம் வடிந்தபோது, தூணருகே ஒருத்தி நின்றுகொண்டிருப்பதைக் கண்டார். கழுத்துக்குமேல் கத்தரித்த முடி. அவள் அழுதுகொண்டிருந்தாள். அழுகை நன்றாகத் தெரிந்தது. யாருடைய அழுகை என்றுதான் தெரியவில்லை. அவர் கண்ணைத் தாழ்த்தினார். வெள்ளை ஷூக்கள். முனைகள் ஒன்றையொன்று பார்த்து உள்ளே திரும்பியிருந்தன.

அவர் மெதுவாக நடந்தார். அருகில் போனால் கலைந்துவிடுமோ என்று பயந்தவர்போல. அவள் கூப்பிடவில்லை, கையும் ஆட்டவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி நின்றாள். இடது தோள் இறங்கியிருந்தது.

"கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பும்மா" என்றார் ஸ்டுடியோக்காரர், கடையில் சொல்லும் அதே குரலில்.

திரும்பினாள். காது மடல் கன்னத்தோடு சேருகிற இடத்துக்கு முன்னால், ஊசியால் குத்தியதுபோல ஒரு சின்னக் குழி. அவர் தன் காதருகே விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். அதே இடம், அதே குழி. அவள் பிறந்தபோது இவருடைய அம்மா பார்த்துவிட்டு, நம்ம வீட்டு முத்திரை என்று சொன்னது எங்கிருந்தோ மிதந்து வந்தது.

"பாப்பா" என்றார்.

அவள் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "முடியை வெட்டினது என் தப்புப்பா. சொல்லியிருக்கணும்."

"முடியைப் பார்த்தது என் தப்பு. உங்கம்மா கேட்டா காதைத் திருகிடுவா."

அழுகைக்கு நடுவே அவள் சிரித்தாள். பிறகு நிமிர்ந்து, கேட்கப் பயந்துகொண்டே கேட்டாள். "இப்ப என் முகம் தெரியுதாப்பா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தார். "இல்லடா. முகம் தெரியலை. ஆனா நீதான்."

அவள் தலையை ஆட்டினாள். அது போதுமா போதாதா என்று அவர் கேட்கவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவளை உட்கார வைத்தார். பயணக் களைப்பில் அவள் அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். கட்டடங்களின் நிழலும் வெயிலும் மாறி மாறி அவள்மேல் ஓடின. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டார். சில்லறை கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், தோளில் முன்பின் பார்க்காத ஒரு பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது, நெற்றியில் ஒரு முடிக்கற்றை. நல்ல முகம், என்று நினைத்தார். அப்புறம் தன் தோளின் பாரத்திலிருந்து அவள் யார் என்பது மெல்ல ஊறி வந்தது.

அது இன்னொரு தடவை ஊறி வரட்டும் என்று, அடுத்த நிறுத்தத்தில் அவர் வேண்டுமென்றே தெருவைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.